கழுதையைக் காணோம்

என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. இதைப் படித்து முடிப்பதற்குள் எப்படியும் எழுதிவிடுவாள் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். எழுதுவதற்குத் தடை ஒன்றும் இல்லைதான். ரேஷன் கார்டிலிருந்து பால் சொசைட்டி அட்டை வரைக்கும் எத்தனையோ இடத்தில் எழுதியிருக்கிறேன். ஆனால் இங்கே எழுதினால் நீங்கள் வாய்விட்டுப் படிப்பீர்கள், பக்கத்தில் அவர் இருந்தால் காது குளிரக் கேட்பார். அந்தச் சுகத்தை அவருக்கு ஓசியில் கொடுக்க எனக்கு மனசில்லை.

என் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். லீவுக்கு வரும்போதெல்லாம் இதற்காக என்னோடு சண்டை போடுவாள். "அம்மா, இதெல்லாம் பொம்பளைய அடிமையா வெச்சிருந்த காலத்துப் பழக்கம்மா. நீ பத்தாவது படிச்சவதானே?" என்பாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே சிரிப்பேன். சொல்லாதே என்று அவர் எனக்கு உத்தரவு போட்டிருந்தால் தாலி ஏறின கையோடு மேடையிலேயே மைக்கை வாங்கிச் சொல்லியிருப்பேன். அவரோ சொல்லு சொல்லு என்று கெஞ்சுகிற ஆள். அதனால்தான் சொல்வதில்லை.

கெஞ்சல் கல்யாணத்தன்றே ஆரம்பித்துவிட்டது. எனக்குத் திருநாவலூர் பக்கம், அவருக்கு ரிஷிவந்தியம் பக்கம். கல்யாணம் எங்கள் ஊரில் முடிந்து, மத்தியான வெயிலில் வேனில் ஏறி அவர் வீட்டுக்கு வந்தோம். வருகிற வழியிலேயே என் தம்பி காதோரமாக வந்து ஒரு துப்பு கொடுத்தான். வாசப்படியிலேயே அவளைப் பேர் சொல்ல வைக்கிறேனா இல்லையா பார் என்று மாப்பிள்ளை தன் கூட்டாளிகளிடம் சவால் விட்டிருக்கிறாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பார்த்து ஒரு வார்த்தைகூடப் பேசாத மனுஷன், என் வாயை வைத்துப் பந்தயம் கட்டுகிறாரே என்று இருந்தது.

வாசலில் ஆரத்தி சுற்றினார்கள். கால் கழுவத் தொட்டிப் பக்கம் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தால், இரண்டு நாத்தனார்களும் நிலைப்படியில் கையை நீட்டி வழி மறித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"அண்ணி, எங்க அண்ணன் பேரச் சொன்னாதான் உள்ள வுடுவோம்."

பின்னாலிருந்து கூட்டாளிகள் விசில் அடிக்கிறார்கள். அவர் மாலையைச் சரிசெய்துகொண்டு, காதைத் தீட்டி வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் சுற்றிமுற்றிப் பார்த்தேன். இப்போதுதான் கால் கழுவிவிட்டு வந்த தொட்டித் திட்டின்மேல், பாதி உரித்த மஞ்சள் காகிதத்தோடு ஒரு துணி சோப்பு உட்கார்ந்திருந்தது.

"தோ, அந்தக் கழுத சோப்பு இருக்குதே, அதோட பேருதான்" என்றேன்.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. பிறகு முதலில் சிரித்தது என் மாமியார். நாத்தனார்கள் கையை எடுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள், வழி தானாகத் திறந்துவிட்டது. நான் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போய்விட்டேன்.

அந்தச் சோப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் மாவட்டத்திலும் சுற்றியுள்ள இரண்டு மூன்று மாவட்டத்திலும் மட்டும் ஓடிக்கொண்டிருந்த துணி சோப்பு அது. கம்பெனி முதலாளி தன் மகன் பேரைச் சோப்புக்கு வைத்திருந்தார். அதே பேரைத்தான் என் மாமியாரும் தன் மகனுக்கு வைத்திருந்தார். ஆனால் அந்தச் சோப்பை யாரும் பேர் சொல்லிக் கேட்டதில்லை. மஞ்சள் காகிதத்தில் ஒரு கழுதை நிற்கும். முதுகில் வெள்ளை வெளேர் என்று துணி மூட்டை. ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடங்கி, எல்லாப் பல்லும் தெரிகிற மாதிரி ஒரு சிரிப்பு. அதற்குக் கீழே சிவப்பில் பேர். எங்கள் பக்கத்தில் எதையும் படித்து வாங்குவதில்லை, பார்த்துத்தான் வாங்குவோம். கடையில் போய் "ரெண்டு கழுத குடுங்க" என்றால் போதும்.

அன்று சாயங்காலம் அவர் தனியாக என்னிடம் வந்தார். கோபமாக வருகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஒரு நாள் உன் வாயால சொல்ல வெக்கிறனா இல்லையா பாரு" என்றார். "பாக்கலாம்" என்றேன். எங்கள் குடும்பம் அந்தப் பந்தயத்தில்தான் தொடங்கியது.

அதற்குப் பிறகு எனக்குக் கவலையே இருக்கவில்லை. பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரியில் நர்ஸ் வீட்டுக்காரர் பேரைக் கேட்டபோது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு "கழுத சோப்புங்க" என்றேன். அந்த அம்மா தலை நிமிராமல் சரியான பேரை எழுதிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில், பேங்கில், கேஸ் ஆபீசில், எங்கே கேட்டாலும் அதே பதில்தான். ஒருத்தராவது இன்னா என்று திருப்பிக் கேட்டதில்லை.

இதனால் அவருக்கு வந்த கஷ்டம்தான் பெரியது. நாங்கள் கரும்பு போடுகிறவர்கள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு ஒருமுறை டிராக்டரோடு நானும் போயிருந்தேன். அவர் டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, யார்டில் இருந்தவர் வண்டி யாருடையது என்று என்னைக் கேட்டுவிட்டார். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். எங்கள் முறை வந்ததும் அந்த மனுஷன் யார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "கழுத சோப்பு வண்டிய எடுப்பா!" என்று கத்தினார். வரிசையில் நின்ற டிரைவர்கள், மாட்டு வண்டிக்காரர்கள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டீ கிளாசோடு ஓடிவந்த அவர் முகத்தைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்தப் பருவம் முடிவதற்குள் ஆலையில் அவருக்கு அதுவே பேராகிவிட்டது. ஊரில் சின்னப் பசங்கள் சோப்பு மாமா என்றார்கள், பெரியவர்கள் மாமாவை விட்டுவிட்டுச் சோப்பு என்றார்கள்.

அவரும் சும்மா இருக்கவில்லை. என் வாயிலிருந்து பேரைப் பிடுங்க அவர் செய்யாத தந்திரம் கிடையாது. அதே பேரில் எங்கள் ஊரில் ஒரு மேஸ்திரி இருந்தார். "நம்ம கெணத்துக்குச் செவுரு வெச்சது எந்த மேஸ்திரி? பேரு ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது" என்பார், ஒன்றும் தெரியாத குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. "வேலைய பாதியில வுட்டுட்டு ஓடிப்போனாரே, அவருதான்" என்பேன். கடைசியாக ஒரு டச் போனை வாங்கி வந்து, "இதுல வாயால பேரச் சொன்னாதான் போன் போவும். என்னைக் கூப்புடணும்னா நீ சொல்லித்தான் ஆவணும்" என்று வெற்றிப் புன்னகையோடு நீட்டினார். நான் அவர் நம்பரை அதில் 'கழுதை' என்று போட்டு வைத்தேன். அப்புறம் அவர் எதிரிலேயே, "கழுதைக்கு போன் போடு" என்று சொல்லிக் காட்டினேன். அவர் சட்டைப் பையில் மணி அடித்தது. அரைநாள் என்னோடு பேசவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் கம்பெனிக்காரன் கைவைத்தான்.

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் எங்களுக்கு வாடிக்கையான மளிகைக் கடை ஒன்று உண்டு. போன வருஷம் ஒருநாள் மாதச் சாமான் கட்டும்போது, கடைக்காரர் வெளிர் நீலத்தில் நாலு பாக்கெட்டை எடுத்து வைத்தார். ஒன்றின் மேலும் படம் இல்லை. நடுவில் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து, பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

"இது இன்னாங்க?"

"நீங்க எப்பவும் வாங்கற சோப்புதாம்மா."

"கழுதைய காணோமே?"

"கழுத போயிடுச்சிம்மா" என்றார் அவர், சாவுச் செய்தி சொல்கிற குரலில். "கம்பெனியில எடுத்துட்டாங்க. பேரையும் சுருக்கிட்டாங்க. மொதலாளி பையன் இப்ப பாத்துக்கறாராம். கழுத படம் போட்ட சோப்ப டவுன்ல வாங்கக் கூச்சப்படறாங்கன்னு லைனுக்கு சரக்கு போட வர்ற பையன் சொல்றான்."

முதலாளி மகன் என்றால் அந்தப் பேருக்கே சொந்தக்காரன். தன் பேரையே வெட்டி இரண்டு எழுத்தாக்கிக்கொண்டிருக்கிறான். அது அவன் இஷ்டம். ஆனால் கழுதை என்ன பாவம் பண்ணியது? ஊரே தூங்கி எழுந்து குளித்து வெள்ளையும் சள்ளையுமாகத் திரிவதற்கு அதுதானே மூட்டை சுமந்தது? ஒரு வார்த்தை சொல்லாமல் இறக்கிவிட்டுவிட்டார்கள். உரமூட்டையில் இருந்த காளையும் முன்னாடி இப்படித்தான் ஒருநாள் வட்டமாகிவிட்டது. ஊதுவத்தியில் இருந்த கிளி இலையாகிவிட்டது. அதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை. கழுதைக்கு வருத்தப்பட்டேன். அந்தச் சொட்டுத் தண்ணீரைப் பார்த்தால் கழுதை விட்ட கண்ணீர் மாதிரியே இருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. கழுதையும் போய், பேரும் போய்விட்டதென்றால், இனிமேல் யாராவது வீட்டுக்காரர் பேரைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? 

வீட்டில் அவர் அந்தப் பாக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். முகம் மலர்ந்துகொண்டே போனது.

"கழுத போச்சா?"

"போச்சி."

"பேரும் போச்சா?"

"அதான் கண்ணுக்குத் தெரியுதே."

"அந்தக் கம்பெனிக்காரன் நல்லா இருக்கணும்" என்று பாக்கெட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இத்தினி வருசமா என்னால முடியாதத அவன் முடிச்சிட்டான். இப்ப சொல்லு பாக்கலாம். இன்னாடி சொல்லுவ?"

அடுத்த வாரமே அதற்குச் சோதனை வந்தது. ஏதோ சான்றிதழுக்காக இ-சேவை மையத்துக்குப் போனோம். கவுன்ட்டரில் சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஆதார் அட்டை எங்கே என்று அவரைக் கேட்டால், "அடடா, வூட்லயே வெச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அட்டை அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வூட்டுக்காரர் பேரு இன்னாங்கம்மா?"

"கழுத சோப்பு தெரியுமாம்மா உனக்கு?"

"தெரியாதுங்களே."

"மஞ்ச காய்தத்துல வருமே. ஒரு காது மடங்கி இருக்கும்."

"எங்க வூட்ல மிஷினுங்க. லிக்விட்தான் ஊத்துவோம்" என்றாள் அந்தப் பெண், பாவம். பின்னால் வரிசை நின்றது. பெஞ்சிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது: "சொல்லு, சொல்லு. ஜனங்க காத்துக்கினு இருக்குது பாரு."

எனக்கு இருமல் வந்தது. அதாவது, வரவழைத்துக்கொண்டேன். இருமிக்கொண்டே மகளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கவுன்ட்டருக்குள் நீட்டினேன். "உங்கப்பா பேரு இன்னான்னு இந்தப் பொண்ணுகிட்ட சொல்லு." மகள் அங்கே விழுந்து விழுந்து சிரித்தாள், ஆனால் சொன்னாள். பெஞ்சில் இருந்தவர் முகம் விழுந்துவிட்டது. அன்றைக்குத் தப்பித்தேன். ஆனால் எந்நேரமும் மகள் போனை எடுப்பாளா? மீட்டிங்கில் இருக்கிறேன் என்று கட் பண்ணிவிட்டால் என் கதி என்ன? எத்தனையோ வருஷம் தோற்காமல் இருந்துவிட்டு, ஒரு சோப்புக் கம்பெனியால் தோற்பதா என்று ஆத்திரமாக வந்தது.

சீட்டில் எழுதிக் காட்டலாம்தான், ஆனால் அவர் எதிரில் எழுதினால் பாதி தோற்ற மாதிரி. எனக்குத் தேவை ஒரே ஒரு பழைய காகிதம். பேரும் கழுதையும் உள்ள மஞ்சள் காகிதம். மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டால், கேட்கிற இடத்தில் எடுத்துக் காட்டிவிடலாம். கள்ளக்குறிச்சியில் இருக்கிற கடையெல்லாம் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் நீலம். கடைசியில் சந்தையில் புளி விற்க வந்திருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி, நான் பக்கத்துக் கடையில் கேட்டதைக் காதில் வாங்கிக்கொண்டு, "எங்க வெள்ளிமலையில ஒரு கடையில கெடக்குதுங்க" என்றாள். அவளிடம் தேவைக்கு மேலேயே புளி வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து, பலாப்பழம் வாங்கக் கல்வராயன் மலைக்குப் போகலாம் என்று சொன்னேன். அவர் சந்தேகமாகப் பார்த்தார்.

"பலாப்பழம் கீழயே கெடைக்குதே."

"மலைப் பழம் ருசி வேற."

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதுமே அவருக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது. வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். பிரஷர் மாத்திரை, மப்ளர், போன் எல்லாவற்றையும் என் பையில் போட்டுவிட்டு, உயிரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வெள்ளிமலையில் இறங்கினார். டீக்கடை பெஞ்சில் அவரை உட்காரவைத்து, சூடாக ஒரு இஞ்சி டீ சொல்லிவிட்டு, "பழம் பாத்துட்டு வரேன்" என்று கிளம்பினேன்.

அந்தப் பெண் சொன்ன கடை, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் மேட்டில் இருந்தது. தூரத்திலேயே கண்டுகொண்டேன். கடைச் சுவரில் ஆணி அடித்து ஒரு தகர போர்டு மாட்டியிருந்தது. அதில் என் கழுதை. ஒரு கால் துருப்பிடித்திருந்தது, சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குக் கீழே சிவப்பில் பேர். பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டேன், பழக்க தோஷம்.

கடைக்கார அம்மா மேல் தட்டிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கித் தூசி தட்டியது. உள்ளே ஏழெட்டு சோப்பு இருந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கழுதை இருந்தது. கறுப்பு மையில், மடங்கின காதோடு, முழுசாக இருந்தது. ஆனால் அதன் கீழே ஒன்றுமே இல்லை.

"முன்னாடி வாசல்ல அடுக்கி வெச்சிருந்தேன், வெயிலு பட்டு எழுத்தெல்லாம் வெளுத்துடுச்சிங்க" என்றது அந்த அம்மா. "அந்தச் செவப்பு நிக்க மாட்டேங்குது. சோப்பு நல்லாதான் இருக்குதுங்க."

பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தேன். எல்லாக் கழுதையும் பேரில்லாமல்தான் சிரித்தது. சரி, கழுதையாவது கிடைத்ததே, விஷயம் தெரிந்தவர்களுக்கு இது போதும் என்று அத்தனையையும் வாங்கிப் பைக்குள் போட்டு, மேலே ஒரு பலாப்பழத்தை வைத்து மூடினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பினால் அவருக்குத் தெளிந்திருந்தது. பையை வாங்கப் போனவர் மூக்கை உறிஞ்சினார்.

"பையில இன்னா மணக்குது?"

"பலாப்பழம்."

"பலாப்பழத்துல எப்பிடி சோப்பு வாசன வருது?"

"மலைப் பழம்" என்றேன்.

அவர் எதிர்மேட்டில் இருந்த கடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி பஸ் வந்து நின்றது. கூட்டத்தோடு முட்டி மோதி ஏறி ஜன்னலோரம் ஒரு சீட் பிடித்தேன். திரும்பிப் பார்த்தால், அவர் கீழேயே நிற்கிறார். "தோ வந்துட்றேன், எடம் புடிச்சி வையி" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனார்.

டிரைவர் ஏறி இன்ஜினை உறும விட்டார். ஆளைக் காணோம். மேட்டுப் பக்கம் பனிப்புகை இறங்க ஆரம்பித்திருந்தது. ஹாரன் அடித்தார். அப்போதும் காணோம். நான் போனை எடுத்து, "கழுதைக்கு போன் போடு" என்றேன். மணி என் பைக்குள்ளேயே, பலாப்பழத்துக்கு அடியில் அடித்தது.

பஸ் மெதுவாக நகர்ந்தது. அப்போதுதான் பார்த்தேன், அந்தக் கடைச் சுவருக்கு எதிரே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் நிற்கிறார். ஜன்னலில் தலையை நீட்டி, "ஏங்க!" என்று கத்தினேன். பஸ் ஸ்டாண்டில் நின்ற ஐந்தாறு ஆண்கள் திரும்பினார்கள். பஸ்ஸுக்குள் இருந்தும் இரண்டு பேர் "இன்னா?" என்றார்கள். என்னுடையவர் மட்டும் திரும்பவில்லை.

கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "ஏங்கன்னு கூப்புட்டா ஊர்ல கீற புருசங்க எல்லாந்தாம்மா திரும்புவாங்க. பேரு இன்னா சொல்லுங்க, நான் கூப்புடறேன்."

நான் பைக்குள் கையை விட்டு ஒரு சோப்பை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இவருதாங்க."

கண்டக்டர் கழுதையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கோவம் இருந்தா வூட்ல போயி திட்டிக்கங்கம்மா. பாவம், பெரிய மனுசரு" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு.

"ஐயோ, இல்லீங்க. இந்தச் சோப்போட பேருங்க."

"பேரு எங்கம்மா இருக்குது? கழுததான் இருக்குது."

"தோ இங்க, செவப்புல..." என்று வெறும் மஞ்சள் இடத்தை விரலால் தேய்த்துக் காட்டினேன். அவருக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. "அடுத்த பஸ் காலையிலதாம்மா" என்று சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்தார்.

எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. மாத்திரை என் பையில். மப்ளர் என் பையில். போனும் என் பையில். அந்த மனுஷனிடம் ஒரு எலுமிச்சம்பழம்தான் இருக்கிறது. மூட்டையும் ஆளுமாக அடைத்திருக்கிற பஸ்ஸில் நான் எழுந்து வாசலுக்குப் போவதற்குள் முதல் வளைவு வந்துவிடும். பயந்துவிட்டேன். நிஜமாகவே பயந்துவிட்டேன்.

கூப்பிட்டேன்.

பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். இத்தனை வருஷம் உள்ளே கிடந்ததில் அது துருப்பிடித்துத்தான் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். கணீர் என்று வந்தது. எனக்கே யாரோ பக்கத்து சீட்டில் இருந்து கூப்பிட்ட மாதிரி இருந்தது.

அவர் திரும்பவில்லை.

இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். அப்போதும் அந்த முதுகு அசையவில்லை. மூன்றாவது முறை நான் கத்தும்போது பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பின் சீட்டுக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். கண்டக்டர் விசிலை எடுத்துவிட்டு வாயாலேயே கூப்பிட்டார். பஸ்ஸே ஒரே குரலில் என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லிக் கத்தியது, டிரைவர் பிரேக் போட்டுவிட்டார்.

அப்போதுதான் அவர் திரும்பினார். மேடையேறப் போகிற சிறப்பு விருந்தினர் மாதிரி, நிதானமாகத் திரும்பினார். ஓடிக்கூட வரவில்லை, நடந்து வந்தார். கக்கத்தில் அந்தத் தகர போர்டை இடுக்கியிருந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் கைகொடுத்து ஏற்றிவிட்டார்கள். ஆளாளுக்கு அவர் பேரைச் சொல்லி விசாரித்தார்கள். எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, கழுதையை மடியில் வைத்துக்கொண்டார். அதன் கீழே சிவப்பில் பேர் பளிச்சென்று இருந்தது. கடை நிழலில் இருந்ததால் அது மட்டும் வெளுக்கவில்லை.

பஸ் வளைவு இறங்கத் தொடங்கியது. எனக்கு மூச்சு வாங்குவது நிற்கவில்லை.

"எதுக்கு இது?" என்றேன்.

"நீதான் ஒரு மாசமா பேரு சொல்ல முடியாம தவிச்சிக்கினு கெடக்கறியே" என்றார், போர்டைத் துண்டால் துடைத்தபடி. "பாக்கப் பாவமா இருந்துச்சி. அந்தம்மாவ கெஞ்சி ஆணி புடுங்கிக்கினு வந்தேன். வாசல்ல மாட்டிக்கலாம். யாரு கேட்டாலும் நீ வாயே தொறக்க வேணாம், கைய நீட்டிக் காட்டிடு."

 இந்த மனுஷன் நான் பேர் சொல்லாமல் இருக்கட்டும் என்று ஆணி பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். நான் இங்கே ஊரைக் கூட்டிப் பேர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன் என்பது இந்த ஆளுக்குத் தெரியுமா தெரியாதா என்றும் புரியவில்லை. பஸ்ஸே கத்தியதில் என் குரல் தனியாகக் கேட்டிருக்காது என்று ஒரு நப்பாசை.

"காது கேக்கலையா உங்களுக்கு? கத்திக் கத்தித் தொண்டையே கிழிஞ்சிப் போச்சி."

அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். மீசைக்குள் எதுவோ அசைந்தது.

"மொத தடவையே கேட்டுதே" என்றார்.

"அப்புறம் ஏன் திரும்பல?"

"இத்தினி வருசமா காத்துக்கினு இருந்துட்டு கேக்கறேன். ஒரே தடவையில திரும்பிட்டா போச்சே" என்றார்.

எனக்கு அழுகையும் வந்தது, அடிக்கலாம் போலவும் வந்தது. இரண்டையும் செய்ய இடமில்லாமல் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

"கழுத" என்றேன் வாய்க்குள்ளேயே.

"இன்னா?" என்று உடனே திரும்பினார்.